பரமேறுதலும் வலதுபாரிசமும்: வேதபாட வகுப்புக்காகச் சில கேள்விகள்

ஒலிவப்பாதை
பெரியவர்கள் வேதபாட வகுப்பில் பரமேறுதலை, அதாவது உயிர்த்தெழுந்த இயேசு பரலோகத்துக்கு ஏறியதை, மூன்று வாரம் எடுக்க வேண்டும். வழக்கமாக இந்தப் பாடத்தை ஈஸ்டரின் வாலாகவும் பெந்தெகொஸ்தேயின் முன்னுரையாகவும் வைத்து அரைமணியில் முடித்துவிடுகிறோம். இந்த முறை முழுதாக எடுக்க விருப்பம். வகுப்பில் நிச்சயம் எழும் கேள்விகள் இவை.

லூக்கா 24ஐ வாசித்தால் உயிர்த்தெழுந்த நாளிலேயே பரமேறினதுபோல் இருக்கிறது; அப்போஸ்தலர் 1இல் நாற்பது நாள். இடமும் ஒன்றில் பெத்தானியா, மற்றதில் ஒலிவமலை. அடுத்தது, "பிதாவின் வலதுபாரிசம்" என்பது ஓர் இடமா? கடைசியாக, மத்தேயு 28:18இல் சகல அதிகாரமும் கொடுக்கப்பட்டாயிற்று என்கிறார்; 1 கொரிந்தியர் 15:24இல் ராஜ்யத்தைப் பிதாவுக்கு ஒப்புக்கொடுக்கிறார். அப்படியானால் அவருடைய ஆளுகை முடிந்துபோகிறதா?

சுருள்வாசகன்
முதல் கேள்விக்கு லூக்கா 24இன் மணிக்கணக்கைக் கூட்டிப்பார்த்தாலே போதும். 29ஆம் வசனத்தில், எம்மாவுக்கு வந்து சேரும்போதே சாயங்காலம், பொழுதும் போயிற்று. பந்தியிருந்து, அப்பம் பிட்டபின் இருவரும் எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். மூலத்தில் தூரம் 60 ஸ்தாதி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நம் பழைய மொழிபெயர்ப்பு "ஏழு அல்லது எட்டு மைல்" என்கிறது. வேகமாக நடந்தாலும் இரண்டு மணி நேரம். அங்கே பதினொருவரிடம் நடந்ததைச் சொல்கிறார்கள், இயேசு வந்து நிற்கிறார், மீன் புசிக்கிறார், மோசேயின் நியாயப்பிரமாணம் தொடங்கி சங்கீதங்கள்வரை விளக்குகிறார். அதே நாளில் பெத்தானியாப் பாதைக்கும் போனார்கள் என்றால் பரமேறுதல் நடுராத்திரியில் நடந்திருக்க வேண்டும். லூக்கா அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. 50ஆம் வசனத்தின் தொடக்கத்தில் கிரேக்கத்தில் நாளைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. "டெ" என்ற சிறு இணைப்புதான் இருக்கிறது. தமிழில் அது "பின்பு". அந்தப் "பின்பு"க்குள் நாற்பது நாள் அடங்கும். லூக்கா தம் முதல் புத்தகமாகிய சுவிசேஷத்தை ஆசீர்வாதத்தோடு முடிக்கச் சுருக்கினார், இரண்டாம் புத்தகமாகிய அப்போஸ்தலரைத் திறக்க விரித்தார்.

வகுப்பில் அடிக்குறிப்புள்ள வேதாகமம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள். லூக்கா 24:51இல் "பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்" என்ற பகுதி, பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றான பெசா சுவடியில் இல்லை. சினாய் சுவடியின் முதல் எழுத்தாளரும் அதை எழுதவில்லை. ஆனால் அவற்றைவிடப் பழைய பாப்பிரஸ் 75இல் அது இருக்கிறது. அப். 1:2 "முதல் பிரபந்தம்" எதுவரைக்கும் பேசியது என்று சொல்லும்போது "எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரைக்கும்" என்றே சொல்கிறது. ஆகவே அந்தப் பகுதி மூலத்தைச் சேர்ந்தது என்பதே பலமான முடிவு. மாற்கு 16:19 வேறு வகை. அது 16:9–20 என்ற நீண்ட முடிவுக்குள் வருகிறது. அந்த முடிவு வத்திக்கான் சுவடியிலும் சினாய் சுவடியிலும் இல்லை. மாற்கு 16:19ஐ மட்டும் ஆதாரமாக வைத்துப் பாடத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் முதல் அடிக்குறிப்பிலேயே பாடம் ஆட்டங்காணும்.

இடம்: யோவான் 11:18இன்படி பெத்தானியா எருசலேமிலிருந்து 15 ஸ்தாதி, மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப். 1:12 சொல்லும் "ஓய்வுநாள் பிரயாணம்" 2000 முழம், ஒரு கிலோமீட்டருக்குள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து முரண்பாடு என்பவர்கள் உண்டு. பெத்தானியா ஒலிவமலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து அங்கே போகும் வழி அந்த மலையைத் தாண்டித்தான் போகும். லூக்கா 24:50இன் கிரேக்கமும் "பெத்தானியாவை நோக்கி, அந்தப் பக்கம்வரை" என்றே இருக்கிறது. ஊருக்குள் நுழைந்ததாக இல்லை. ஓய்வுநாள் தூரம் என்றதால் அன்று சனிக்கிழமை என்றும் முடிவு கட்டக்கூடாது. அது மலை எவ்வளவு தூரம் என்பதற்கான அளவுதான்.

பாஸ்கா_மெழுகு
சொல்லிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. கத்தோலிக்க வழக்கில் இயேசுவுக்கு "விண்ணேற்றம்", அன்னை மரியாவுக்கு "விண்ணேற்பு". பழைய வழக்கில் இதுவே ஆரோகணம், ஆரோபணம். ஏறியவர் ஒருவர், ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மற்றவர். ஒரே எழுத்து வேறுபாட்டில் ஒரு கோட்பாடே நிற்கிறது: ஆண்டவர் தம் சொந்த வல்லமையால் ஏறினார், மரியாவைக் கடவுள் எடுத்துக்கொண்டார். திருவிழா அறிவிப்புகளில் இரண்டையும் மாற்றி அச்சடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

சுருள்வாசகன்
அழகான வேறுபாடு. ஆனால் அதை அப்படியே புதிய ஏற்பாட்டின்மேல் வைத்தால் இடிக்கும். அப். 1:9இல் வினை செயப்பாட்டுவினை: "உயர எடுத்துக்கொள்ளப்பட்டார்". 1:2, 1:11, 1:22, லூக்கா 24:51 எல்லாமே அப்படித்தான். சொற்படி பார்த்தால் அங்கே "விண்ணேற்பு"தான் வருகிறது. யோவான் 20:17இலோ "ஏறிப்போகிறேன்" என்று தாமே சொல்கிறார்; எபேசியர் 4:8–10இலும் "ஏறினார்".

இரண்டும் வேண்டும். உயர்த்தியவர் பிதா என்பதால் இது தானே எடுத்துக்கொண்ட அதிகாரம் அல்ல. ஏறியவர் குமாரன் என்பதால் எலியாவைப்போல அக்கினி ரதத்துக்குக் காத்திருந்தவரும் அல்ல. தோமா அக்வினாஸ் தம் பெருநூலின் மூன்றாம் பாகம் 57ஆம் கேள்வியில் இதை எடுத்து, தெய்வ வல்லமையாலும் மகிமையடைந்த ஆத்துமாவின் வல்லமையாலும் ஏறினார் என்கிறார். அடுத்த 58ஆம் கேள்வி முழுவதும் வலப்பக்கம் அமர்வதைப் பற்றியது.

எபிரெயர்_எட்டு
மேகத்தை விட்டுவிடாதீர்கள். "ஒரு மேகம் அவரை எடுத்துக்கொண்டது" என்று கேட்டதும் நம் மனதில் வானிலை மேகம் வருகிறது. லூக்காவின் வாசகனுக்கு வருவது யாத்திராகமம் 40இல் ஆசரிப்புக் கூடாரத்தை மூடிய மேகம், லூக்கா 9:34இல் மறுரூப மலையில் நிழலிட்ட மேகம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தானியேல் 7:13. அந்த வசனத்தில் மனுஷகுமாரனுடைய சாயலானவர் மேகங்களோடு எந்தத் திசையில் வருகிறார் என்று வகுப்பில் கேளுங்கள். பெரும்பாலோர் "பூமிக்கு" என்பார்கள். வசனமோ அவர் "நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில்" வந்தார் என்கிறது. பயணம் சிங்காசனத்தை நோக்கி. 14ஆம் வசனத்தில் கர்த்தத்துவமும் மகிமையும் ராஜரிகமும் கொடுக்கப்படுகிறது. ஒலிவமலையில் சீஷர்கள் கீழிருந்து கண்டதை, தானியேல் மேலிருந்து கண்டார் என்று வாசித்தால், மத்தேயு 28:18 எங்கிருந்து பேசுகிறது என்பதும் விளங்கும். பரமேறுதலைப் பிரிவுபசாரமாகப் பிரசங்கிப்பதில்தான் பாடம் கெட்டுப்போகிறது. லூக்கா 24:52இல் சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடே திரும்பினார்கள். பிரிவுபசாரத்திலிருந்து யாரும் அப்படித் திரும்புவதில்லை. அது ராஜா சிங்காசனம் ஏறிய நாள்.

தரங்கை_லுத்
வலதுபாரிசம் பற்றி. தமிழ்ச் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. "பாரிசம்" என்றால் பக்கம். சங்கீதம் 110:1இல் தாவீதின் ஆண்டவர் உட்காருவது ராஜாவுக்கு வலப்பக்கம், அதாவது கனத்துக்குரிய, ஆளுகையில் பங்குள்ள இடம். 1 இராஜாக்கள் 2:19இல் சாலொமோன் தன் தாய்க்கு வலதுபுறத்தில் ஆசனம் வைப்பதைப் பாருங்கள். பிதாவுக்குச் சரீரமில்லை, ஆகவே இடம் வலம் இல்லை. சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் சரி, கல்வினும் சரி, இதில் ஒரே கருத்து: வலதுபாரிசம் தேவனுடைய ஆளும் வல்லமைக்கு உருவகம்.

சண்டை அடுத்த படியில் வந்தது. 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க்கில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் பேச உட்கார்ந்தபோது, 15 பிரிவுகளில் 14இல் ஒப்புக்கொண்டார்கள், திருவிருந்தைப் பற்றியதில் ஒத்துப்போகாமல் நின்றுவிட்டார்கள். பரமேறின சரீரம் பரலோகத்தில் இருக்கிறது, ஆகவே அப்பத்தில் இருக்க முடியாது என்றது சுவிஸ் பக்கம். தேவனுடைய வலதுபாரிசம் எங்குமிருக்கிறது, அங்கே வீற்றிருப்பவரும் தம் மனுஷத்தன்மையோடு தாம் வாக்களித்த இடத்தில் இருக்க முடியும் என்றார் லுத்தர். லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1577இன் இணக்கச் சூத்திரம் எட்டாம் பிரிவில் இதை முறைப்படுத்தியது: மத். 28:18இன் "கொடுக்கப்பட்டிருக்கிறது" என்பது அவருடைய மனுஷத்தன்மைக்குக் கொடுக்கப்பட்டது, ஏனென்றால் தேவத்தன்மைக்கு அது அநாதியாகவே உண்டு.

எபிரெயர்_எட்டு
சீர்திருத்த சபைகளின் பதிலையும் சேர்த்துவிடுகிறேன். 1563ஆம் ஆண்டின் ஹைடெல்பெர்க் வினாவிடை 46 முதல் 51 வரை இதற்கே ஒதுக்குகிறது. 47இன் சாரம்: மனுஷத்தன்மையின்படி அவர் இப்போது பூமியில் இல்லை, தேவத்தன்மை, மகத்துவம், கிருபை, ஆவி ஆகியவற்றின்படி நம்மை விட்டு ஒருபோதும் விலகுவதில்லை. சரீரத்தை எங்கும் பரப்பினால் அது நம்மைப்போன்ற சரீரமாக இராது என்பது அவர்கள் பயம். அப். 3:21 "பரலோகம் அவரை ஏற்றுக்கொள்ளவேண்டும்" என்பது அவர்களுடைய முக்கிய வசனம்.

எனக்கு 49ஆம் வினாதான் வகுப்புக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. பரமேறுதலால் நமக்கு என்ன நன்மை என்று கேட்டு மூன்று விடை தருகிறது: பிதாவுக்கு முன்பாக நமக்காகப் பரிந்து பேசுகிறார், நம்முடைய மாம்சம் பரலோகத்தில் இருக்கிறது, அது நமக்கு அச்சாரம், பதில் அச்சாரமாகத் தம் ஆவியை இங்கே அனுப்புகிறார். நடுவிலுள்ளதை யாரும் பிரசங்கிப்பதில்லை. வலதுபாரிசத்தில் ஒரு மனித சரீரம், ஆணித் தழும்போடு. இதைச் சொல்லாமல் "ஆவியாக மேலே போனார்" என்று சொல்லிவிடுகிற ஞாயிறு பள்ளிப் பாடங்கள் உண்மையிலேயே வேறொரு மார்க்கத்தைப் போதிக்கின்றன.

பாஸ்கா_மெழுகு
ஒரு சிறு சேர்க்கை. எபிரெயர் 10:11–12இல் லேவி ஆசாரியன் நாள்தோறும் *நிற்கிறான்*, இவர் ஒரே பலியைச் செலுத்தி *உட்கார்ந்தார்*. வேலை முடியாதவன் நிற்கிறான். அப்படியானால் அப். 7:56இல் ஸ்தேவான் காணும்போது ஏன் நிற்கிறார்? திருத்தந்தை பெரிய கிரகோரி சொன்ன விளக்கம் தெளிவானது: உட்காருதல் நியாயாதிபதிக்குரியது, நிற்றல் போரிடுகிறவனுக்கும் உதவிசெய்கிறவனுக்கும் உரியது. லூக்கா 12:8இல் தம்மை அறிக்கைபண்ணுகிறவனை மனுஷகுமாரனும் அறிக்கைபண்ணுவார் என்ற வாக்கை அங்கே சேர்த்து வாசித்தால், சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறார் என்றும் கொள்ளலாம்.

மாறநாதா_வாசல்
நான் வேறு கோணத்தில் நிற்கிறேன். எல்லோரும் "இப்போதே ராஜாவாக ஆளுகிறார்" என்று எடுத்துக்கொண்டு போகிறீர்கள். வெளிப்படுத்தல் 3:21 இரண்டு சிங்காசனங்களைச் சொல்கிறது: "என்னுடைய சிங்காசனம்", "என் பிதாவினுடைய சிங்காசனம்". இப்போது அவர் பிதாவின் சிங்காசனத்தில் இருக்கிறார். லூக்கா 1:32இன் தாவீதின் சிங்காசனம் எருசலேமைச் சேர்ந்தது, அவர் திரும்பிவந்தபின் பூமியில் நடக்கும் ஆயிரவருட அரசாட்சியில்தான் அதில் அமருவார். சங். 110:1 "உட்காரும்" என்கிறது. "ஆளுகைசெய்யும்" என்பது இரண்டாம் வசனத்தில், சீயோனிலிருந்து. இப்போது காத்திருக்கும் காலம். எபி. 10:13 "எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றே சொல்கிறது.

சுருள்வாசகன்
எபி. 10:13ஐக் கொண்டுவந்தது சரிதான். எபி. 2:8உம் உங்கள் பக்கம் பேசும்: சகலமும் இன்னும் கீழ்ப்பட்டிருக்கக் காணோம். அதை மறைத்துவிட்டு "எல்லாம் ஜெயமே" என்று பிரசங்கிப்பது ஜனங்களைக் காயப்படுத்துகிறது.

ஆனால் பேதுருவின் வாதத்தை வரிசையாக வாசியுங்கள். அப். 2:30: தாவீதின் சிங்காசனத்தில் உட்காரவைப்பேன் என்று தேவன் ஆணையிட்டார். 31: தாவீது அதை முன்னறிந்து கிறிஸ்துவின் *உயிர்த்தெழுதலைப்* பற்றிச் சொன்னான். 33: அவர் உயர்த்தப்பட்டு, ஆவியைப் பெற்று, *இப்பொழுது* நீங்கள் காண்கிறதைப் பொழிந்தருளினார். 34–35: சங். 110:1. 36: தேவன் அவரை ஆண்டவரும் கிறிஸ்துவும் ஆக்கினார். தாவீதின் ஆணையிலிருந்து வலதுபாரிசத்துக்குப் பேதுரு இடைவெளியில்லாமல் போகிறார். 30ஆம் வசனத்தின் நிறைவேற்றம் முழுக்க எதிர்காலம் என்றால் அந்த வசனத்தைப் பேதுரு அங்கே எடுத்தே இருக்கவேண்டாம். 1 கொரி. 15:25இலும் பவுல் சங். 110இன் "உட்காரும்" என்பதை "ஆளுகைசெய்யவேண்டியது" என்று மாற்றிச் சொல்கிறார். அவருக்கு உட்காருதலும் ஆளுதலும் ஒன்றே.

இன்னொரு கவனிப்பு: நம் பழைய மொழிபெயர்ப்பில் சங். 110:1 "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று இருக்கிறது. எபிரெயத்தில் முதலாவது தேவனுடைய நாமம், இரண்டாவது "அதோனி" (என் ஆண்டவர்). கிரேக்கத்தில் இரண்டுமே "கூரியோஸ்" ஆகிவிடுகிறது. தமிழ் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. தாவீதே ஆண்டவர் என்று அழைப்பவர் எப்படி அவனுக்குக் குமாரன் என்ற மாற்கு 12:36–37இன் கேள்வி புரிய வேண்டுமானால் இதைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

மாறநாதா_வாசல்
அப். 2:30–36இன் தொடர்ச்சியை ஏற்கிறேன். தொடங்கிவிட்டது, நிறைவேற்றம் மீதி என்று சொல்லும் ஆயிரவருடக்காரர்களும் இருக்கிறார்கள். இஸ்ரவேலுக்கு ராஜ்யம் திரும்பக் கொடுக்கப்படுமா என்று அப். 1:6இல் கேட்டபோது ஆண்டவர் "இல்லை" என்று சொல்லவில்லை, காலங்களை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றார். அதை வகுப்பில் சொல்லாமல் விடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

தரங்கை_லுத்
இனி கடைசிக் கேள்வி, 1 கொரி. 15:24–28. இதே வசனத்தை வைத்து நாலாம் நூற்றாண்டில் அங்கீராவின் பேராயர் மார்செல்லுஸ் குமாரனுடைய ராஜ்யத்துக்கு முடிவு உண்டு என்று போதித்ததாக அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. சபை கொடுத்த பதில் இன்றும் நம் வாயில் இருக்கிறது: "அவருடைய ராஜ்யத்துக்கு முடிவிராது." இந்த வாக்கியமும், பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கிறார் என்பதும், 325இல் நிசேயாவில் ஏற்ற மூலப் பிரமாணத்தில் இல்லை. 381இன் கொன்ஸ்தாந்திநோப்பிள் வடிவத்தில்தான் இருக்கின்றன. நாம் "நிசேயா விசுவாசப்பிரமாணம்" என்று சொல்வது 381இன் வடிவம். 325 என்று ஆண்டு போட்டுப் பாடக்குறிப்பு எழுதினால் பிழை. வாக்கியமோ லூக்கா 1:33இலிருந்து, காபிரியேலின் வார்த்தை.

"பரியந்தம்" என்ற சொல்லில்தான் ஜனங்கள் இடறுகிறார்கள். சத்துருக்களைக் கீழ்ப்படுத்தும்வரை ஆளுவார் என்றால் அதன்பின் ஆளமாட்டார் என்று பொருளாகாது. மத். 28:20இல் உலகத்தின் முடிவுபரியந்தம் கூட இருக்கிறேன் என்றார், முடிவுக்குப்பின் விட்டுவிடுவாரா? ஒப்புக்கொடுப்பது தோற்ற ராஜா முடியைக் கழற்றுவது அல்ல. ஒப்படைத்த வேலையை முடித்து, மீட்ட ஜனத்தைப் பிதாவின் முன் கொண்டுவந்து நிறுத்துவது. நம் லுத்தரன் பாடமுறையில் மூன்றாகப் பிரிப்போம்: வல்லமையின் ராஜ்யம், கிருபையின் ராஜ்யம், மகிமையின் ராஜ்யம். கடைசிச் சத்துருவாகிய மரணம் ஒழிந்தபின் வார்த்தையாலும் திருவிருந்தாலும் ஆளும் முறை முடிகிறது. மகிமையின் ராஜ்யம் முடிவதில்லை.

எபிரெயர்_எட்டு
அதிகாரம் என்ற சொல்லில் நடக்கும் இன்னொரு பிழை. மத். 28:18இல் "எக்ஸூசியா", ஆளும் உரிமை. அப். 1:8இல் "தூனமிஸ்", பெலன். முதலாவது "எனக்கு", இரண்டாவது "நீங்கள் அடைந்து". இரண்டையும் குழப்பி, "சகல அதிகாரமும் நம் கையில் இருக்கிறது, கட்டளையிடுங்கள்" என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. அதிகாரம் அவரிடம் இருக்கிறது, *ஆகையால்* நீங்கள் போங்கள் என்கிறது. மேலும் கிரேக்கத்தில் அந்தக் கட்டளையின் முதன்மை வினை "சீஷராக்குங்கள்". தமிழில் வினையெச்சங்கள் அடுக்கி வருவதால் அது "சீஷராக்கி" ஆகிவிடுகிறது, எடை முழுவதும் கடைசியிலுள்ள "உபதேசம்பண்ணுங்கள்" மேல் விழுகிறது. மொழிபெயர்ப்பின் குற்றமல்ல, தமிழ் வாக்கியம் அப்படித்தான் ஓடும். ஆனால் வகுப்பில் சொல்லிக்காட்ட வேண்டும்.

இந்த ஆளுகை வெறும் ஆலயப் பேச்சும் அல்ல. 1934 மே மாதம் ஜெர்மனியில் பார்மன் நகரில் கூடிய சபைகள், வாழ்வின் சில பகுதிகளில் இயேசு கிறிஸ்துவுக்கன்றி வேறு எஜமான்களுக்கு நாம் உரியவர்கள் என்ற போதனையைத் தள்ளுகிறோம் என்று அறிக்கையிட்டன. நாசி ஆட்சிக்கு எதிரில் அது வலதுபாரிசத்தின் நேரடிப் பொருள்.

பாஸ்கா_மெழுகு
அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1925 டிசம்பர் 11 அன்று, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தியதும் இதே கவலையால்தான். மக்கள் பொதுவாழ்விலிருந்து கிறிஸ்துவை ஒதுக்குகிறார்கள் என்பது அவர் காரணம். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969இன் நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்குப்பின் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு.

ஒலிவப்பாதை
எல்லோருக்கும் நன்றி. தேதி கணக்கிலும் ஒரு குழப்பம். ஈஸ்டரோடு 40 கூட்டினால் வெள்ளி வருகிறது, திருநாளோ வியாழன். மூன்று வாரத்தை எப்படிப் பிரிப்பது என்றும் சொன்னால் உதவி.

பாஸ்கா_மெழுகு
ஈஸ்டர் ஞாயிறே முதல் நாள். ஆகவே 39ஐக் கூட்டுங்கள். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, பரமேறுதல் மே 14 வியாழன். பெந்தெகொஸ்தே ஐம்பதாம் நாள், 49 கூட்டினால் மே 24. இடையில் வெள்ளி முதல் மறு சனிவரை சரியாக ஒன்பது நாள். தூய ஆவியார் நவநாள் என்ற ஒன்பது நாள் ஜெபம் அங்கிருந்து வருகிறது. பல மறைமாவட்டங்களில் பெருவிழாவை அடுத்த ஞாயிறுக்கு மாற்றுகிறார்கள். அங்கேயும் வெள்ளியிலிருந்தே நவநாளைத் தொடங்காவிட்டால் நாள் போதாது. பாஸ்கா மெழுகுதிரியை விண்ணேற்ற நாளின் நற்செய்திக்குப்பின் அணைப்பது பழைய முறை. இப்போது பெந்தெகோஸ்து முடியும்வரை பீடத்தருகே எரியும்.

சுருள்வாசகன்
முதல் வாரம் லூக்கா 24:44–53, அப். 1:1–12, தானி. 7:9–14, தானியேலைக் கடைசியில் வாசியுங்கள், முதலில் வாசித்தால் திசைக் கேள்வியின் பலன் போய்விடும். இரண்டாம் வாரம் சங். 110, அப். 2:29–36, எபி. 10:11–14. மூன்றாம் வாரம் 1 கொரி. 15:20–28ஐ மட்டும் எடுங்கள். அந்த ஒன்பது வசனத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. மார்பர்க் சண்டையை அதற்குள் நுழைக்கவே வேண்டாம், யாராவது திருவிருந்தைப் பற்றிக் கேட்டால் வகுப்பு முடிந்தபின் பேசுங்கள்.